பியூஸ் காப்பது கம்பியை, ஆளை அல்ல!

“குளியலறைக் குழாயைத் தொட்டால் கை சுள்ளென்கிறது. மழை பெய்துவிட்டால் துணி துவைக்கும் மிஷினைத் தொடவே முடிவதில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டுதான் சுவிட்சைத் தட்டுகிறோம்.”

தோட்டங்களுக்குச் செல்லும்போது லயத்துத் தாய்மார்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதை ஒரு புகாராகக்கூட அவர்கள் சொல்வதில்லை. கூரை ஒழுகுகிறது, கால்வாய் அடைத்துக்கொண்டது என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் சிரித்தபடி இதையும் சொல்லி முடிக்கிறார்கள். “சின்ன ஷாக்தானே, பழகிவிட்டது” என்கிறார்கள்.

நம்மால் சிரிக்க முடியவில்லை. கை சுள்ளென்றால், மின்சாரம் தன் பாதையை விட்டு விலகி, நாம் தொடுகின்ற தகட்டுக்கும் குழாய்க்கும் வந்துவிட்டது என்று பொருள். இன்று தரை காய்ந்திருந்தது. காலிலே செருப்பு இருந்தது. நாம் சீவிய மரத்துப் பாலில் செய்த செருப்பு, சீவியவரின் உயிரை ஒரு நாளைக்குக் காப்பாற்றித் தந்தது. நாளைக்கு வெறுங்காலோடு, ஈரத்தரையில் நின்று, ஒரு குழந்தை அதே தகட்டைத் தொட்டால்? அப்போதும் அதைச் சின்ன ஷாக் என்று சொல்ல முடியுமா?

இதை எடுத்துச் சொன்னால் பல இடங்களில் வரும் பதில் ஒன்றுதான்: “ஒவ்வொரு வீட்டுக்கும் மெயின் சுவிட்ச் இருக்கிறது, அதிலே பியூஸ் இருக்கிறது, பிறகு என்ன பயம்?” இந்தப் பதிலை நிர்வாகத்தாரும் சொல்கிறார்கள்; நம்மவர்களும் நம்புகிறார்கள். ஆகவே இந்த வாரம் இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

பியூசின் வேலை கம்பியைக் காப்பது. அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடிக் கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் இருக்க, அது தான் உருகி வழியை அடைக்கிறது. 30 ஆம்பியர் பியூஸ் என்றால் 30 ஆம்பியர் வரை அது வாய் திறவாது. ஆனால் மனித உடம்புக்கு எவ்வளவு போதும்? 10 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு ஓடினாலே தசைநார் இறுகி, பிடித்த பொருளைக் கை விட மாட்டாமற் போகலாம். 30 மில்லி ஆம்பியர் நெஞ்சின் வழியே நிலைத்து ஓடினால் மூச்சு முட்டும். அதற்கு மேலே போகப் போக இதயத்தின் துடிப்பே நிலைகுலைந்துவிடும். பியூஸ் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கே மனிதரை மரண வாயிலுக்குக் கொண்டுபோகப் போதும்.

“எர்த் கம்பி போட்டிருக்கிறோமே” என்று அடுத்த பதில் வரும். அதையும் பார்ப்போம். எர்த் கம்பி போய்ச் சேருவது வீட்டோரத்தில் மண்ணில் அடித்த தடியில். அந்தத் தடி துருப்பிடித்தோ, மண் வறண்டோ, 50 ஓம் தடை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். மிஷினுக்குள் லைவ் கம்பி அறுந்து தகட்டைத் தொட்டாலும், மண்ணுக்குள் போவது ஏறக்குறைய 4.6 ஆம்பியர்தான். 30 ஆம்பியர் பியூஸ் இதைக் கண்டு அசையுமா? அசையாது. ஆனால் அந்த எர்த் கம்பியோடு இணைந்த எல்லாத் தகட்டிலும், ஐஸ் பெட்டியிலும், துணி மிஷினிலும், மின்விசிறிக் கூட்டிலும் ஏறக்குறைய முழு வோல்ட்டும் ஏறி நிற்கும். பல கதவுகள் கொண்ட லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே எர்த் தடி என்றால் நிலைமை இன்னும் மோசம். முதல் வீட்டு மிஷினில் பழுது. ஆறாம் வீட்டில் ஐஸ் பெட்டியைத் திறந்தவருக்கு அடி! தன் வீட்டில் ஒரு குறையும் இல்லாதவர் அண்டை வீட்டுக் குறைக்கு உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த அபாயத்துக்கென்றே ஒரு கருவி உண்டு. வயர்மேன்கள் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்பார்கள், இன்றைய பெயர் ஆர்.சி.சி.பி. நாம் இங்கே மின்கசிவுக் காப்பு என்று சொல்வோம். அது செய்யும் வேலையைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்குவது சுலபம்.

விடியற்காலைப் பெரட்டில் கிராணியார் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் செக்ரோலில் பதிகிறார். நூறு பேர் வெளிக்காட்டுக்குப் போகிறார்கள். மாலையில் நூறு பேரும் திரும்ப வேண்டும். ஒருவர் குறைந்தால் எங்கேயோ ஏதோ நடந்துவிட்டது என்று பொருள். மின்கசிவுக் காப்பும் மெயின் சுவிட்ச் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு இதே கணக்கைத்தான் பார்க்கிறது. லைவ் கம்பி வழியாக வீட்டுக்குள் போன மின்சாரம் அத்தனையும் நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்ப வேண்டும். இரண்டு கம்பிகளும் கருவிக்குள் ஓர் இரும்பு வளையத்தினூடே செல்கின்றன. போனதும் வந்ததும் சமமானால் ஒன்றின் காந்த சக்தியை மற்றொன்று அழித்துவிடும்; வளையம் சும்மா இருக்கும். ஆளின் உடம்பு வழியாகவோ, ஈரச் சுவர் வழியாகவோ கொஞ்சம் மின்சாரம் மண்ணுக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 வினாடிக்குள் கருவி கொண்டியைத் தட்டிவிடும்; வீடு முழுவதும் மின்சாரம் நின்றுவிடும். கசிவு அதைப்போல் ஐந்து மடங்கானால் 0.04 வினாடியே போதும். நன்மை என்னவென்றால், எர்த் தடி சற்றுப் பலவீனமாக இருந்தாலும் இது வேலை செய்யும். பியூசை உருக்கப் போதாத 4.6 ஆம்பியர், இந்தக் கருவிக்கு மலைபோலத் தெரியும்.

இது ஏதோ சீமான்களின் பங்களாவுக்கென்று பிறந்த சாமான் என்று எண்ணிவிட வேண்டாம். 1950-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் மின்சாரம் தாக்கி ஆட்கள் மாண்டபோது, ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் அங்கே இப்படிப்பட்ட நுண்ணிய காப்புக் கருவிகளை வடிவமைத்தார். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அது வீடுகளுக்கு வந்தபோது, முதலில் பரீட்சிக்கப்பட்ட இடங்களில் ஒன்று ஸ்டில்பான்டெய்ன் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊர். உழைப்பாளியின் வேலைத்தலத்தில் பிறந்து, உழைப்பாளியின் குடியிருப்பில் வளர்ந்த கருவி, நம் லயத்து வாசலில் மட்டும் ஏன் தயங்கி நிற்க வேண்டும்?

சட்டமும் இந்த விஷயத்தில் ஊமையாக இல்லை. மலேசியாவில் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகளின் 36-வது விதி இதைப் பற்றியதே. கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்கள் உள்ள இடத்துக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத காப்பு வேண்டும். தரை ஈரமாகக்கூடிய இடத்துக்கு 10 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத காப்பு வேண்டும் என்று அது அளவு சொல்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டம், தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் முதலாளி தண்ணீரும் மின்சாரமும் தர வேண்டும், கட்டடத்தை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்று பொறுப்பை அவர் தலையில் வைத்திருக்கிறது. அக்கரையில் சிங்கப்பூரைப் பாருங்கள். புதிய வீடுகளுக்கு 1985 ஜூலையிலேயே இந்தக் காப்பு கட்டாயமாயிற்று. அதற்கு முன் கட்டிய பழைய வீடுகளையும் அந்த அரசாங்கம் விட்டுவிடவில்லை. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று அறிவித்து, பழைய வீடுகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் மட்டுமே கொடுத்தது. பழைய வீடு என்பது சாக்கு ஆகாது என்பதே அதன் பொருள். நம் தோட்டங்களில் கித்தா மரம் போய்ச் செம்பனை வந்த இடங்களிலும் லயம் மட்டும் பழைய லயமாகவே நிற்கிறது. பழையது என்பதாலேயே அங்கே காப்பு முதலில் வர வேண்டும்.

“போட்டுத்தான் இருக்கிறோம்” என்று சொல்லும் நிர்வாகங்களும் உண்டு. போட்டிருப்பது உண்மையே. ஆனால் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு தோட்டத்தில் நாம் கண்ட காட்சியைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். கருவி பெட்டியில் பளபளவென்று இருந்தது. அதன் மேல் வாயிலிருந்து கீழ் வாய்க்கு ஒரு துண்டுக் கம்பி! கருவியைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் நேரே வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. “ஏனய்யா இப்படி?” என்று கேட்டோம். “மழை வந்தால் விழுந்துகொண்டே இருக்கிறது, ராத்திரியில் எழுந்து எழுந்து தூக்கிவிட வேண்டியிருக்கிறது. அதனால் நாங்களே டைரெக்ட் பண்ணிவிட்டோம்” என்றார் அந்த வீட்டுக்காரர்.

தோழர்களே, இங்கே நம்மவர்களையும் கண்டித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. காவல்காரன் கூச்சல் போடுகிறான் என்பதற்காக அவன் வாயில் துணியை அடைத்துவிட்டுத் தூங்கலாமா? மழை பெய்யும்போது கருவி விழுகிறது என்றால், மழையில் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடிப் பிடிப்பதே வழி. விழுந்த கருவியைத் தூக்கும் முன் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகியதும் விழுகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் விழுந்தால் குறை சுவருக்குள்ளோ கூரையிலோ உள்ள கம்பியில் இருக்கலாம். அது உரிமம் பெற்ற வயர்மேன் பார்க்க வேண்டிய வேலை. நாமே பெட்டியில் கைவைப்பது கூடாது.

அந்த வீட்டுக்காரரின் தலையில் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நிர்வாகம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. சரியாகப் பொருத்தாத கருவி காரணமில்லாமல் விழும். காரணமில்லாமல் விழும் கருவியை மனிதர் வெறுப்பார். வெறுத்ததைக் கழற்றி எறிவார். ஆகவே பொருத்தும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியவை சில:

ஒன்று: லயம் முழுவதற்கும் ஒரே கருவி போட்டுக் கணக்கை முடிக்கக் கூடாது. ஒரு வீட்டுக் கெட்டிலில் கசிந்தால் பத்து வீடும் இருட்டாகும். மறுநாளே யாராவது ஒருவர் துண்டுக் கம்பி போட்டுவிடுவார். வீட்டுக்கு ஒன்று வேண்டும். லயத்துக்குப் பொதுவான மெயினிலும் காப்பு வைப்பது நல்லதே; அது 100 மில்லி ஆம்பியர் அளவில், சற்றுத் தாமதித்து விழும் வகையாக இருக்கட்டும். அப்போது வீட்டிலுள்ளது முதலில் விழும், அக்கம்பக்கம் விளக்கெரியும்.

இரண்டு: ஒரு வீட்டு நியூட்ரல் கம்பியை அடுத்த வீட்டு நியூட்ரலோடு சேர்க்கக் கூடாது. பழைய லயங்களில் கம்பியை மிச்சம் பிடிக்க இப்படிச் செய்திருக்கிறார்கள். என் வீட்டில் போன மின்சாரம் உன் வீட்டு வழியாகத் திரும்பினால் இரண்டு வீட்டுக் கணக்கும் தவறும்; இரண்டு கருவியும் விழும். கருவியைத் தாண்டிய பிறகு நியூட்ரலை எர்த்தோடு தொடவிடுவதும் இதே போன்ற தவறு.

மூன்று: எர்த் தடியைப் புதைத்ததோடு மறந்துவிடக் கூடாது. அதன் தடையை மீட்டர் வைத்து அளந்து, அளவைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கருவி எர்த் இல்லாமலும் உயிரைக் காக்க முயலும். ஆனால் எர்த் சரியாக இருந்தால், ஆள் தொடும் முன்பே கசிவைக் கண்டு விழுந்துவிடும்.

நான்கு: பியூசையோ, சிறு பிரேக்கரையோ எடுத்துவிடக் கூடாது. மின்கசிவுக் காப்பு மட்டும் உள்ள ஆர்.சி.சி.பி. அதிக பாரத்தைத் தடுக்காது. கம்பிக்கு ஒரு காவல், ஆளுக்கு ஒரு காவல், இரண்டும் வேண்டும். மேலும், ஒரு கையால் லைவையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தவரை இந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது. போனது திரும்பி வந்துவிட்டதாகவே அது கணக்குப் பார்க்கும். காப்பு இருக்கிறதென்று பிய்ந்த பிளக்கோடு விளையாட வேண்டாம்.

ஆலையின் சங்கதி வேறு அளவு, தத்துவம் ஒன்றே. பால் ஸ்டோரிலும் ஆலையிலும் நாளெல்லாம் தண்ணீர் ஓடுகிறது. அங்கே மெயின் போர்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வருகிறது. தடித்த கேபிள்களைச் சுற்றி ஒரு பெரிய வளையம் மாட்டி, அதன் சைகையை ரிலேக்குக் கொடுத்து, ரிலே மெயின் பிரேக்கரை விழச் செய்யும்படி அமைக்கிறார்கள். மூன்று பேஸ் கம்பிகளும் நியூட்ரலும் அந்த வளையத்தினூடே போக வேண்டும். எர்த் கம்பி அதனூடே திரும்பிவிடக் கூடாது. திரும்பினால் ஓடிப்போன ஆளையும் திரும்பி வந்தவராகச் செக்ரோலில் எழுதிய கதைதான். வளையம் கசிவைக் காணாது. பெரிய போர்டுகளில் மண்ணுக்குப் பாயும் மின்பொறி, பெரிய பியூசை உருக்காமலே போர்டை எரித்துவிடும் என்பதைக் கண்டுதான், அமெரிக்க மின்விதிகள் 1971-ல், அங்கு வழங்கும் 480 வோல்ட் அமைப்பு போன்றவற்றில் 1,000 ஆம்பியரும் அதற்கு மேலும் உள்ள மெயின்களுக்கு இந்தக் காப்பைக் கட்டாயமாக்கின. ஆனால் மெயின் போர்டின் காப்பு பெரிய அளவுக்கு வைக்கப்படுவது. அது ஆலையைத் தீயிலிருந்து காக்கும். ஈரத்தரையில் நின்று கிரைண்டரைப் பிடிக்கும் தொழிலாளியைக் காக்க, அவர் பிளக் செருகும் இடத்துக்குத் தனியாக நுண்ணிய காப்பு வேண்டும். மெயினில் இருக்கிறது என்று சொல்லி இதைத் தட்டிக்கழிக்க விடக் கூடாது.

செலவைப் பற்றிப் பேசுவார்கள். கருவியின் விலை சில பத்து ரிங்கிட்டிலிருந்து தொடங்குகிறது. பழைய கம்பிகளைப் பிரித்துச் சீர்செய்யும் கூலிதான் கூடுதல். அதை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் அந்தக் கம்பிகள் கெட்டது யாரால்? பராமரிக்க வேண்டியவர்கள் பராமரிக்காததால். வருஷக்கணக்காகச் செய்யாமல் விட்ட வேலையின் பில் ஒரே நாளில் வருகிறது என்றால், அதற்குத் தொழிலாளியின் உயிரைக் கழித்துக்கொள்ள முடியாது.

ஆகவே நாம் கேட்பது இது. தோட்ட நிர்வாகங்கள் ஒவ்வொரு லயத்து வீட்டின் மெயினையும் உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு சோதித்து, காப்பு இல்லாத இடத்தில் பொருத்தி, சுற்றிவிடப்பட்ட இடத்தில் சீர்செய்து, சோதனைத் தாளின் நகலைக் கிளைச் சங்கத்துக்குத் தர வேண்டும். செலவைச் சம்பளத்திலோ வேறு எந்தக் கணக்கிலோ பிடிக்கக் கூடாது. பக்கத்து வரிசையில் வசிக்கும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளரின் வீடுகளையும் விட்டுவிடக் கூடாது. மின்சாரம் பாஸ்போர்ட் பார்த்து அடிப்பதில்லை. மறுக்கும் தோட்டங்களைப் பற்றித் தொழிலாளர் இலாகாவுக்கும் எரிசக்தி ஆணையத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிப்போம்.

கிராணிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டு நம்பர், கருவியின் அளவு, சோதித்த தேதி என்று மூன்று பத்தி கொண்ட ஒரு புத்தகம் திறந்து வைப்பது உங்களுக்குப் பெரிய வேலையல்ல. ஆபத்து நேர்ந்த பின் எழுதப்படும் பத்துப் பக்க அறிக்கையைவிட, முன்னாலே எழுதிய ஒரு வரி மேலானது.

இறுதியாக, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் மெயின் பெட்டியைப் பாருங்கள். கருவி இருந்தால் அதிலே ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை ஒரு முறை அழுத்துங்கள். டக்கென்று விழுந்தால் காவல்காரன் விழித்திருக்கிறான்; தூக்கிவிட்டு, மாதம் ஒரு முறை இப்படியே செய்து வாருங்கள். விழவில்லை என்றாலோ, கருவியே இல்லை என்றாலோ, கை சுள்ளென்கிறது என்றாலோ, நாளைப் பெரட்டிலேயே கிளைச் செயலாளரிடம் சொல்லி வீட்டு நம்பரை எழுதிக் கொடுங்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நிர்வாகத்தின் முன் நிற்பது சங்கத்தின் கடமை. பட்டியலில் உங்கள் வீட்டு நம்பரைச் சேர்ப்பது உங்கள் கடமை.